காருக்கு அடியில இருக்கிற அந்த பிளாஸ்டிக் தட்டு

ஆயில் மாத்தலாம்னு காருக்கு அடியில எட்டிப் பார்த்தா, நிறைய கார்கள்ல முதல்ல தெரியுறது ஒரு கருப்பு பிளாஸ்டிக் தட்டு. பேரு அண்டர் கவர். "இது வேஸ்ட் சார், கழட்டிப் போட்டுடலாம்"னு யாராவது சொன்னா தலையாட்டாதீங்க. கழட்டினதைத் திரும்ப ஒழுங்கா மாட்டுறதும் சர்வீஸ்ல ஒரு பகுதிதான்.

இது என்ன வேலை செய்யுது?

மழைத் தண்ணி, சேறு, சின்னக் கல் எல்லாம் பெல்ட், ஆல்டர்னேட்டர், வயரிங் பக்கம் தெறிக்காம தடுக்குது. அடிப்பகுதியை மட்டமாக்கி, நாம ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ்ல படிச்ச டிராக்கைக் குறைக்குது. இன்ஜின் சத்தமும் கொஞ்சம் அடங்கும். ஆனா வேகத்தடையில அடிபட்டா ஆயில் சம்ப்பை இது காப்பாத்தாது. அதுக்கு ஸ்டீல் கார்டு வேணும்.

கழட்டும்போது

1. வண்டி சமதளத்துல, ஹேண்ட் பிரேக் போட்டு, சக்கரத்துக்குக் கட்டை வெச்சு நிக்கணும். ஜாக் தூக்க மட்டும்தான். ஜாக் ஸ்டாண்ட் இல்லாம அடியில படுக்கவே கூடாது.

2. சில கவர்ல டிரெயின் பிளக்குக்கும் ஃபில்டருக்கும் தனி ஓட்டை இருக்கும். அப்படி இருந்தா முழுசா கழட்டவே வேண்டாம்.

3. முதல்ல ஒரு போட்டோ எடுங்க. போல்ட் எல்லாம் ஒரே நீளமா இருக்காது. எது எங்க இருந்ததுன்னு அப்புறம் தேவைப்படும்.

4. பிளாஸ்டிக் கிளிப்ல பெரும்பாலும் நடுப்பின்னை முதல்ல வெளிய எடுத்துட்டு, அப்புறம்தான் கிளிப்பை இழுக்கணும். நேரா நெம்பினா உடைஞ்சிடும்.

5. கடைசி போல்ட்டைக் கழட்டும்போது ஒரு கையால தட்டைத் தாங்கிப் பிடிங்க. முகம் நேர் கீழ இருக்க வேண்டாம். மேல தேங்கின ஆயிலும் மண்ணும் கொட்டும்.

மாட்டும் முன்னாடி

தட்டோட உள்பக்கத்தைப் பாருங்க. கருப்பா பிசுபிசுன்னா இன்ஜின் ஆயில். பச்சை, பிங்க் கறை இருந்தா கூலன்ட்டா இருக்கலாம். ஆனா கசிவு தட்டு மேல ஓடி வேற ஓட்டை வழியா சொட்டும். அதனால தரையில சொட்டு விழுந்த இடத்துக்கு நேர் மேலயே லீக் இருக்கும்னு முடிவு பண்ணாதீங்க. தட்டை நல்லா துடைங்க. ஃபில்டர் மாத்தும்போது சிந்தின ஆயில் அதுல இருந்தா, அடுத்த வாரம் புது லீக்னு பயந்துபோவீங்க. புது ஆயில் ஊத்தி, இன்ஜினைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டு, நிறுத்தி, பிளக்கும் ஃபில்டரும் காய்ஞ்சிருக்கான்னு பார்த்த பிறகுதான் கவர்.

மாட்டும்போது

ரெண்டு துண்டா இருந்தா, கூரையில ஓடு வேய்ற மாதிரி ஒண்ணு மேல ஒண்ணு படியும். முன் துண்டோட பின் விளிம்பு அடியில வரணும், இல்லன்னா எதிர்காத்து இடுக்குல புகுந்து தூக்கும். எல்லா போல்ட்டையும் முதல்ல கையால நாலு சுத்து ஏத்துங்க, அப்புறம் இறுக்குங்க. பிளாஸ்டிக்தான், முரட்டுத்தனம் வேண்டாம்.

ரெண்டு கிளிப் தொலைஞ்சா "மீதி இருக்கே"ன்னு விடாதீங்க. பாதி பிடிப்புல தொங்குற கவர்தான் ரொம்ப ஆபத்து. பைபாஸ்ல 100 கிலோமீட்டர் வேகத்துல காத்து அதைக் கிழிச்சுட்டுப் போனா, பின்னாடி வர்ற பைக்காரர் மேலதான் விழும். கேபிள் டை போட்டாலும் அது கடை வரைக்கும் போறதுக்கு மட்டும்தான். உதிரிபாகக் கடையில பழைய கிளிப் ஒண்ணைக் காட்டி, அதே அளவுல வாங்கிப் போடுங்க.

வண்டியை ஒர்க்‌ஷாப்ல விட்டாலும், எடுக்கும்போது ஒரு தடவை குனிஞ்சு, கவர் இருக்கா, எல்லா போல்ட்டும் இருக்கான்னு பார்த்துட்டு கிளம்புங்க.