கண்ணில் ஒற்றி எடுக்கும் காகிதம்

டிப்ளமோ முடிச்சதும் சோழவரம் பக்கத்துப் பசங்க பலபேர் கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்குத்தான் போறோம். அங்கே காஸ்டிக் சோடா, ஆசிட் எல்லாம் கையாள வேண்டி வரலாம். கண்ணுக்கு ஆசிட்டைவிடக் காரம்தான் மோசம். திசுவைக் கரைத்துக்கொண்டே உள்ளே இறங்கும்.

கருவிழி ஓரத்து வளையத்துக்கு லிம்பஸ் என்று பெயர். கருவிழியின் மேல்தோலைப் புதுப்பிக்கும் ஸ்டெம் செல்கள் அங்கேதான் இருக்கின்றன. அவை வெந்துபோனால் வெள்ளைவிழித் தோல் கருவிழிமேல் படரும். இது அதுதானா, வெறும் தழும்பா?

கத்தி வேண்டாம். கண்ணை மரத்துப்போகச் செய்து, செல்லுலோஸ் அசிடேட் வடிதாள் துண்டைச் சில விநாடி அழுத்தி எடுப்பார்கள். மேலடுக்குச் செல்கள் ஒட்டிக்கொண்டு வரும் (ஸ்டிக்கர் உரிக்கிற மாதிரிதான்!). பி.ஏ.எஸ். சாயமேற்றி மைக்ராஸ்கோப்பில் பார்த்தால், சளி சுரக்கும் கோப்லெட் செல்கள் கருஞ்சிவப்பாகத் தெரியும். வெள்ளைவிழியில் இருக்கவேண்டிய அவை கருவிழியில் கிடைத்தால் லிம்பஸ் கெட்டிருக்கிறது. கிடைக்காவிட்டால் கெடவில்லை என்று சொல்லிவிட முடியாது. வெள்ளைவிழியிலேயே குறைந்திருந்தால் கண் வறட்சி, வைட்டமின் ஏ குறைவு போன்றவற்றைச் சந்தேகிப்பார்கள். எக்பர்ட், லாபர், மாரிஸ் என்ற மூவர் 1977-ல் விவரித்த எளிய முறை இது.

ஹைதராபாத் எல்.வி. பிரசாத் கண் மருத்துவ நிறுவனத்தின் டாக்டர் சங்வான் குழு, நல்ல கண்ணின் லிம்பஸ் துணுக்கை நறுக்கிக் கெட்ட கண்ணில் பதிக்கும் முறையை 2012-ல் வெளியிட்டது. ரெண்டு கண்ணும் போயிட்டா சொந்தச் செல்லுக்கு எங்கே போவது?

தெறித்தால் உடனே இமையைத் திறந்து பிடித்து, கால் மணி நேரமாவது தண்ணீர் விட்டுக் கழுவி, பிறகு ஆஸ்பத்திரிக்கு ஓடணும். வேலையில் சேர்ந்த முதல் நாளே கண் கழுவும் குழாய் எங்கேன்னு பார்த்து வையுங்க.