பஞ்சாயத்துத் தேர்தலும் நம் மனச்சாட்சியும்



பஞ்சாயத்துத் தேர்தல் வரப்போகிறதென்று ஊரெங்கும் பேச்சு. இதில் சாமியாருக்கு என்ன வேலை என்று சிலர் கேட்கக்கூடும். இன்ன அபேட்சகருக்கு வோட்டுப் போடுங்களென்று நான் சொல்லப்போவதில்லை. குருக்கள் கட்சி அரசியலில் இறங்கலாகாதென்பது திருச்சபைச் சட்டம். கோவிலைக் கட்சிக் காரியத்துக்கு உபயோகிப்பதை 1988-ம் வருஷத்து இந்தியச் சட்டமும் விலக்கியிருக்கிறது. ஆனால் எப்படி வோட்டுப் போடுவதென்பது ஞானோபதேசத்தைச் சேர்ந்த காரியம். நான்காம் கற்பனையை விளக்கும்போதே, வரி செலுத்துவதோடு வோட்டுப் போடுவதையும் மனச்சாட்சியின் கடமையென்று திருச்சபை போதிக்கிறது.

சட்டசபைத் தேர்தலென்றால் விழுந்தடித்து ஓடுகிறோம், பஞ்சாயத்தென்றால் அலட்சியம். குடிதண்ணீர், தெருவிளக்கு, சாக்கடை, ஊர்ப்பாதை, கல்லறைத் தோட்டம், இவையெல்லாம் யார் பொறுப்பு? கிராமத்தில் வோட்டர் ஒருவருக்கு நான்கு சீட்டுகள் கொடுப்பார்கள்: வார்டு உறுப்பினர், ஊராட்சித் தலைவர், ஒன்றிய உறுப்பினர், மாவட்ட உறுப்பினர். முதல் இரண்டுக்கும் கட்சி கிடையாது. ஆகையால் அங்கே சின்னத்தைப் பார்த்துக் கண்ணை மூடிக்கொண்டு முத்திரை குத்த வழியில்லை, ஆளைத்தான் பார்க்கவேண்டும்.

"சாமி, காசை வாங்கிக்கொண்டு என் இஷ்டம்போலப் போட்டால் பாவமா?" என்று என்னிடம் கேட்டவர்கள் அநேகர். கொடுப்பவனும் வாங்குபவனும் குற்றவாளிகளே. ஒரு வருஷம்வரை சிறைத் தண்டனைக்கு இடமுண்டு. சட்டம் கிடக்கட்டும். வாங்கும்போதே போடுகிறேனென்று ஒப்புக்கொள்கிறோமே, அது பொய்யானால் ஒரு பாவம், மெய்யானால் வேறொரு பாவம். கொடுத்தவன் தன் கைக்காசையா கொடுத்தான்? நம் தெருச் சாக்கடையிலும் விளக்குக் கம்பத்திலும் அதை வட்டியோடு எடுத்துக்கொள்வான்.

வாங்கிவிட்டவர்கள் என்ன செய்வது? "வாக்குக் கொடுத்தாயிற்றே, மாறலாமா?" என்று ஒரு பாட்டியம்மாள் மெய்யாகவே கலங்கினார்கள். தீமை செய்வதாகக் கொடுத்த வாக்கு ஒருவரையும் கட்டாது. ஏரோது தன் சத்தியத்தைக் காப்பாற்றுவதாக எண்ணித்தான் ஸ்நாபக அருளப்பரின் தலையை வெட்டுவித்தான். திருப்பிக் கொடுக்கக் கூடுமானால் கொடுங்கள். கூடாதென்றால் ஏழைகளுக்குக் கொடுத்துவிட்டு, மனச்சாட்சிப்படி வோட்டுப் போடுங்கள்.

இன்னொன்றையும் ஒளிக்காமல் சொல்கிறேன். நான் முன்பிருந்த பங்கில் மணிக்கூண்டு பாதியில் நின்றது. ஒருவர் வந்து, "பூசையில் ஒரு வார்த்தை சொல்லுங்கள், மிச்சத்தை நான் கட்டித் தருகிறேன்" என்றார். அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. ஆசை இல்லாமலா? மறுநாள் முடியாதென்று சொல்லிவிட்டேன். நான் மாற்றலாகி வரும்வரை கூண்டு அப்படியே நின்றது. சில கிராமங்களில் தலைவர் பதவியையே ஏலம் போட்டு, அந்தப் பணத்தைக் கோவிலுக்கென்று ஒதுக்குகிறார்கள். நம் பங்கில் எந்தச் சிற்றூரிலாவது அப்படி நடந்தால், அந்தப் பணத்தில் ஒரு காசும் நம் கோவிலுக்குள் வரக்கூடாது.

சாதியைப் பற்றிப் பேசாமல் விட்டால் நான் கோழை. மதுரை ஜில்லாவில் பாப்பாபட்டி, கீரிப்பட்டி ஊராட்சிகளில் தலைவர் பதவி தாழ்த்தப்பட்டோருக்கு ஒதுக்கப்பட்டதென்ற ஒரே காரணத்தால், 1996 முதல் 2006 வரை அங்கே முறையான தலைவர் இருக்க விடவில்லை. மேலவளவில் தலைவராக ஜெயித்த முருகேசனையும் அவரோடு ஐந்து பேரையும் 1997 ஜூன் 30-ந் தேதி வெட்டிக் கொன்றார்கள். அது வேறு ஊர், வேறு மக்கள் என்று தள்ளிவிடாதீர்கள். ஒரே நற்கருணை வாங்கும் நாம், "நம்ம ஆள்" என்று எவரைச் சொல்கிறோம்?

பெண்களுக்குப் பாதி இடங்களென்று 2016-ல் தமிழ்நாட்டுச் சட்டம் திருத்தப்பட்டது. மனைவி ஜெயிக்கிறாள், புருஷன் நாற்காலியில் உட்காருகிறான்! நிற்கிற அம்மாளிடமே நேரில் பேசிப்பாருங்கள்; வீட்டுக்காரர் பதில் சொன்னால் விஷயம் விளங்கிவிடும்.

முன்பு பதவியிலிருந்தவர் மறுபடி நின்றால், கிராம சபையில் கணக்கு வாசித்தாரா என்று கேளுங்கள். உங்கள் பெயர் ஜாபிதாவில் இருக்கிறதா என்பதை இப்போதே பார்த்துவிடுங்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் வருகிற ஞாயிறு இரண்டாம் பூசைக்குப் பின் உபதேசியாரிடம் வந்தால், பார்த்துச் சொல்லுவார். அவரும் யாருக்குப் போடுவதென்று சொல்லமாட்டார். சொன்னால் என்னிடம் வந்து சொல்லுங்கள்.

உங்கள் பங்குச் சாமியார்