ரேஷன் மிஷினும் சந்திரயானும்



போன மாதம் எங்க ஆயா ரேஷன் கடைக்குப் போய்விட்டு வெறும் பையோடு திரும்பி வந்தாங்க. அன்னைக்கு நல்ல மழை. சிக்னல் இல்லை, மிஷின் கைரேகையை எடுக்கலை. "மிஷின் கெட்டா அரிசியும் கிடையாதா?" என்று என்னிடம் கேட்டாங்க. எனக்குப் பதில் தெரியவில்லை. அறிவியல் டீச்சரிடம் கேட்டேன். அவர் சொன்னதையும் நான் படித்ததையும் சேர்த்து எழுதியிருக்கிறேன்.

ஒரு பாகம் கெட்டாலும் வேலை நிற்காதபடி கணினியை அமைப்பதைப் பழுது தாங்கும் அமைப்பு என்பார்கள். நம்ம மலையில் 70 கொண்டை ஊசி வளைவு ஏறி வரும் பஸ்ஸில் கால் பிரேக்கும் இருக்கு, கைப் பிரேக்கும் இருக்கு அல்லவா, அது மாதிரி.

இதற்கு ஒரு வழி, ஒன்றுக்குப் பதில் மூன்று கணினி வைப்பது. மூன்றும் ஒரே கணக்கைப் போடும். ஒன்று 41 என்றும் மற்ற இரண்டும் 42 என்றும் சொன்னால் 42-ஐ எடுத்துக்கொள்வார்கள். ஆனால் மூன்று பேரும் ஒரே நோட்டைப் பார்த்துக் காப்பி அடித்தால் மூன்றும் தப்பாகத்தானே இருக்கும்? (எங்க வகுப்பிலும் நடந்திருக்கிறது. பெயர் சொல்ல மாட்டேன்.) 1996 ஜூன் 4-ல் ஐரோப்பாவின் ஏரியன் 5 ராக்கெட்டுக்கு இதுதான் ஆச்சு. வழிகாட்டும் கருவி இரண்டு இருந்தும் இரண்டிலும் ஒரே புரோகிராம். ஒரே தப்பால் இரண்டும் நின்றன. கிளம்பி ஒரு நிமிடம் ஆவதற்குள் ராக்கெட் வெடித்துவிட்டது. 1981-லேயே பறந்த அமெரிக்க விண்வெளி ஓடத்தில் ஐந்து கணினிகள். ஐந்தாவதற்கு மட்டும் வேறு ஆட்கள் வேறு புரோகிராம் எழுதினார்கள்.

நம் நாட்டுக் கதைக்கு வருகிறேன். 2019 செப்டம்பர் 7 அதிகாலை சந்திரயான்-2 லேண்டர் நிலவில் மோதியது. இன்ஜின்கள் எதிர்பார்த்ததைவிட அதிகமாகத் தள்ளிவிட்டன. அதைச் சரி செய்ய லேண்டர் வேகமாகத் திரும்ப வேண்டும். அவ்வளவு வேகம் தேவைப்படும் என்று யாரும் நினைக்காததால் புரோகிராம் அதற்கு விடவில்லை. இறங்கும் இடமும் 500 மீட்டருக்கு 500 மீட்டர்தான்.

சந்திரயான்-3-க்குத் திட்ட இயக்குநர் விழுப்புரத்துக்காரர் வீரமுத்துவேல். இந்தத் தடவை இஸ்ரோவில் கேட்ட கேள்வியே வேறு. எதெது கெடும்? கெட்டால் என்ன செய்வது? இறங்கும் இடத்தை 4 கிலோமீட்டருக்கு 2.4 கிலோமீட்டர் ஆக்கினார்கள். கால்களைப் பலப்படுத்தினார்கள், எரிபொருளைக் கூட்டினார்கள். நாலு இன்ஜினில் இரண்டு நின்றாலும் இறங்கும்படி செய்தார்கள். 2023 ஆகஸ்ட் 23 மாலை 6.04-க்கு இறங்கியது.

சரி, பூமியில் சோதித்துப் பார்க்க நிலா மண்ணுக்கு எங்கே போவது? நம்ம நாமக்கல் மாவட்டத்துக்குத்தான்! சித்தம்பூண்டியில் உள்ள அனார்த்தசைட் பாறை நிலவின் மேட்டுப் பாறை போலவே இருக்கும். அதை அரைத்துத்தான் இஸ்ரோ செயற்கை நிலா மண் செய்தது. மலைக்குக் கீழே இருக்கிற ஊர், எனக்கு இத்தனை நாள் தெரியாது.

எல்லாவற்றையும் ஆயாவிடம் சொன்னேன். "நிலாவுக்குப் போறதுக்கே ரெண்டாவது வழி வெச்சிருக்காங்க, அரிசிக்கு வெக்கலையே" என்றாங்க.

அடுத்த வாரமும் சிக்னல் இல்லை. ரேஷன் கடை அண்ணா மிஷினைத் தூக்கிக்கொண்டு சிக்னல் கிடைக்கிற பாறை மேட்டுக்கு நடந்தார். நாங்க எல்லாரும் வரிசை மாறாமல் பின்னாலேயே போனோம். ஆயாவுக்கு மூன்றாவது தடவை கைரேகை விழுந்தது.