இரவில் அடிக்கடி எழச் செய்யும் நோய்: எலிகள் கற்பிக்கும் பாடம்

பொழுது புலருமுன்பே பெரட்டுக்குச் செல்ல வேண்டிய பால்மரத் தொழிலாளருக்கு இரவுத் தூக்கம் பெருஞ்செல்வமாகும். ஆயினும் ரெம்பியா வட்டாரத் தோட்டங்களில் வாழும் நம்மில் சிலர் இரவில் இரண்டு மூன்று முறை எழுந்து சிறுநீர் கழிக்க நேரிடுகிறது. பகலிலோ, நிரையில் பாதி மரங்களைச் சீவி முடிக்குமுன் அடக்கவொண்ணா அவசரம் தோன்றுகிறது. அருகில் கழிவறை இல்லாமையால் பெண்கள் சிலர் தண்ணீர் அருந்துவதையே குறைத்துக் கொள்கின்றனர். "வயதாகிவிட்டது" என்று கூறி வெட்கத்தால் இதனை மறைப்போரும் உளர். இது வெட்கப்பட வேண்டியதன்று. சிகிச்சையுள்ள நோயே ஆகும்.

நோயின் தன்மை

நமது சிறுநீர்ப்பை தசையாலான ஒரு பையாகும். நிறையும்போது அது தளர்ந்து விரியவும், கழிக்கும்போது சுருங்கவும் வேண்டும். பை நிறையாத வேளையிலேயே அத்தசை தானாகச் சுருங்குமாயின் திடீர் அவசரம் எழுகிறது. கிருமித் தொற்று முதலிய வேறு காரணம் இன்றி இவ்வாறு நேர்வதையே மருத்துவர்கள் 'சிறுநீர்ப்பை மிகையியக்கம்' என்பர்.

இதன் காரணங்கள் பல. அவற்றுள் ஒன்றை ரப்பரைக் கொண்டே நாம் எளிதில் விளங்கிக் கொள்ளலாம். நெடுநாள் வெயிலிலும் காற்றிலும் கிடந்த ரப்பர் வளையம் நெகிழ்ச்சி கெட்டு வெடித்துப் போவதைக் கண்டிருக்கிறோம். காற்றிலுள்ள பிராணவாயு அதனை அரிப்பதே அதற்கு ஒரு முக்கியக் காரணம். ஆகவேதான் தொழிற்சாலைகளில் ரப்பருடன் அரிப்புத் தடுப்புப் பொருள்களைச் சேர்க்கின்றனர். நம் உடலிலும் பிராணவாயுவிலிருந்து தோன்றும் சில தீவிரத் துணுக்குகள் உடலின் காப்பாற்றலை மீறிப் பெருகினால், தசையையும் நரம்பையும் தாக்குகின்றன. இதற்கு 'ஆக்சிஜனேற்ற அழுத்தம்' என்று பெயர்.

பிராணிகளிடம் கண்ட உண்மை

ஜப்பானின் ஃபுக்குஷிமா மருத்துவப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 2012ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வொன்றில், எலிகளின் இடுப்பு இரத்தக் குழாய்களின் உட்சுவரைச் சேதப்படுத்தி, கொழுப்பு மிகுந்த உணவை அளித்தனர். குழாய்கள் தடித்துக் குறுகின. சிறுநீர்ப்பைக்குச் செல்லும் இரத்தம் குறைந்தது. அவ்வெலிகள் குறுகிய இடைவெளியில் சிறுநீர் கழித்தன. அவற்றின் சிறுநீர்ப்பையில் ஆக்சிஜனேற்றச் சேதத்தின் அடையாளங்களும் மிகுந்து காணப்பட்டன. இரவில் மூளை சுரக்கும் மெலடோனின் என்னும் பொருள் இச்சேதத்தைக் குறைப்பதாக 2013இல் வெளியான மற்றோர் எலி ஆய்வு காட்டிற்று.

இவற்றைக் கண்டவுடன், "சேதத்தைத் தடுக்கும் மருந்து" என்று கூறி விற்கப்படும் டானிக்குகளையும் மாத்திரைகளையும் நாம் வாங்கிவிடலாகாது. எலிக்குப் பயன்பட்டது மனிதருக்கும் பயன்படும் என்பது தனியே மெய்ப்பிக்கப்பட வேண்டியதாகும். இவ்வாய்வுகள் இன்று நமக்குத் தரும் பாடம் வேறு: இரத்தக் குழாய்களைக் காப்பது சிறுநீர்ப்பையையும் காப்பதாகும் என்பதே அது. நீரிழிவு, இரத்தக் கொதிப்பு, மிகுந்த கொழுப்பு, புகைபிடித்தல் ஆகியன அக்குழாய்களின் பகைவர்களாம். 2023ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வு, நம் நாட்டில் பெரியவர்களுள் 15.6 விழுக்காட்டினருக்கு நீரிழிவு உள்ளதெனக் கண்டது. இந்தியரிடையே அவ்விகிதம் மற்ற இனத்தவரினும் அதிகம்.

நாம் செய்ய வேண்டுவன

முதலாவதாக, அரசாங்க மருத்துவ நிலையத்திற்கோ அலோர் காஜா மருத்துவமனைக்கோ சென்று, சிறுநீர், இரத்தச் சர்க்கரை, இரத்தக் கொதிப்பு ஆகியவற்றைச் சோதித்துக் கொள்ள வேண்டும். நீரிழிவும், கிருமித் தொற்றும், ஆண்களிடத்துச் சுரப்பி வீக்கமும் இதே தொல்லையைத் தரக்கூடும். சிறுநீரில் இரத்தம் தோன்றினாலோ, எரிச்சலுடன் காய்ச்சல் கண்டாலோ தாமதம் கூடாது.

இரண்டாவதாக, தண்ணீரை நிறுத்துதல் ஆகாது. வேர்வை சிந்தி உழைப்போர் நீரருந்தாவிடில் சிறுநீர் கடுமையடையும், கல்லும் உண்டாகலாம். பகலில் போதிய நீர் அருந்தி, படுக்கைக்குச் செல்லுமுன் இரண்டு மணி நேரம் குறைத்துக் கொள்வதே முறை. மாலைக்குப்பின் தேநீரையும் காப்பியையும் தவிர்த்தல் நலம்.

மூன்றாவதாக, சிறுநீர்ப்பைக்குப் பயிற்சி அளித்தல் வேண்டும். அவசரம் தோன்றியவுடன் ஓடாமல், சில நிமிடங்கள் பொறுத்துச் சென்று, வாரந்தோறும் இடைவெளியைச் சிறிது சிறிதாக நீட்டலாம். சிறுநீரை இடையில் நிறுத்தப் பயன்படும் தசைகளை, மற்ற வேளைகளில் இறுக்கித் தளர்த்திப் பழகுவதும் உதவும்.

இவற்றால் குணம் காணாதபோது மருத்துவர் மாத்திரை தருவார். ஆக்ஸிபுடினின் போன்றவை தசைச் சுருக்கத்தை அடக்கும். ஆயினும் வாய் வறட்சியும் மலச்சிக்கலும் உண்டாக்கலாம். ஜப்பானில் 2011இல் அனுமதி பெற்ற மிராபெக்ரான், தசையைத் தளர்த்தி வேலை செய்கிறது. இரத்தக் கொதிப்பு கட்டுக்கடங்காதவர்க்கு அது ஏற்றதன்று. எனவே ஒருவருக்குக் கொடுத்த மாத்திரையை அண்டை வீட்டார் வாங்கி உண்ணலாகாது.

பட்டையைக் காத்துச் சீவினால்தான் மரம் பல்லாண்டு பால் தரும் என்பதை நாம் அறிவோம். உடலும் அத்தகையதே. மறைத்து வருந்துவதை விடுத்து, மனைவியும் கணவனும் ஒருவருக்கொருவர் எடுத்துரைத்து, உரிய காலத்தில் மருத்துவரை நாடுவோமாக.