முதல் நாளில் திறக்க வேண்டிய கணக்கு

அன்புள்ள பிள்ளைக்கு,

அடுத்து வரும் தேர்தலில் கொட்டாஞ்சேனைப் பக்கத்து வேட்பாளர் ஒருவருக்குக் கணக்குப் பார்க்க ஒப்புக்கொண்டிருக்கிறீர். உயர்தரத்தில் கணக்கீடு படித்த பிள்ளைகள் இந்த வேலைக்கு வருவது மிக நல்ல காரியம். எந்த மென்பொருளை எடுக்கலாம் என்று கேட்டிருந்தீர். பெயரைப் பிறகு சொல்கிறேன். அதை எந்த நாளில் திறக்கப் போகிறீர் என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. வாக்கெடுப்பு முடிந்த பிறகு பில்களை ஒரு பையில் அள்ளிக்கொண்டு வந்து கணினி முன்னால் உட்காருவதாக இருந்தால், எவ்வளவு விலை உயர்ந்த மென்பொருளும் உமக்கு உதவாது. காசு கைமாறிய அன்றே எழுதிய கணக்குக்குத்தான் சாட்சி சொல்லும் தகுதி உண்டு. அப்படி அன்றன்றே எழுதுவதை எளிதாக்கவும், எழுதியதைப் பிறகு சத்தமில்லாமல் மாற்ற விடாமல் தடுக்கவுமே மென்பொருள் வேண்டும்.

நம்முடைய சட்டம் புதியது. 2023ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கத் தேர்தல் செலவின ஒழுங்குபடுத்தல் சட்டம் வருவதற்கு முன்னால் பல பத்தாண்டுகளாக இலங்கையில் தேர்தல் செலவுக்கு உச்ச வரம்பு இருக்கவில்லை. 1946ஆம் ஆண்டின் தேர்தல் கட்டளையில் ஒரு வரம்பு இருந்தது. விகிதாசார முறை வந்தபோது அது கைவிடப்பட்டது. அதன்பின் 1989 முதல் விருப்பு வாக்குக்காக ஒரே கட்சிக்காரர்கள் மாவட்டம் முழுவதும் ஒருவரோடொருவர் சுவரொட்டியில் மோதிக்கொண்டார்கள். செலவு மிகக் கூடிய காலத்தில் அதைக் கேட்கச் சட்டம் இல்லாமல் போயிற்று. இப்போதைய சட்டத்தின்படி வேட்பாளரும் கட்சிச் செயலாளரும் சுயேச்சைக் குழுத் தலைவரும், பெற்ற நன்கொடைக்கும் செய்த செலவுக்கும் முடிவு வெளியாகி 21 நாட்களுக்குள் கணக்குக் கொடுக்க வேண்டும். அந்தக் கணக்கைப் பொதுமக்கள் பார்வையிடலாம். பெயர் தெரியாதவரிடமும், வெளிநாட்டு அரசிடமும், சர்வதேச அமைப்பிடமும், வெளிநாட்டில் பதிவான கம்பனியிடமும் பணம் வாங்கக் கூடாது.

இந்த 21 நாட்களைத்தான் பலரும் தவறாக விளங்கிக்கொள்கிறார்கள். அது கணக்கைப் பிரதி எடுத்துச் சரிபார்த்துக் கையொப்பமிடுவதற்கான அவகாசம். ஐந்து வாரம் ஓடியாடிச் செலவழித்ததை நினைவிலிருந்து மீட்டெடுக்க அது போதாது. 2024இல் நடந்த ஜனாதிபதித் தேர்தலை எடுத்துக்கொள்ளும். ஒரு வாக்காளருக்கு 109 ரூபாய் என்று தேர்தல்கள் ஆணைக்குழு வரம்பு வைத்தது. பதிவான வாக்காளர் தொகையால் பெருக்கினால் ஒரு வேட்பாளருக்கு 186 கோடி ரூபாய்க்கு மேல் வரும். அதில் 60 வீதம் வேட்பாளருக்கும் 40 வீதம் செயலாளருக்கும் என்று பிரிக்கப்பட்டது. ஆகவே மொத்தம் எவ்வளவு செலவானது என்று சொன்னால் மட்டும் போதாது. ஒவ்வொரு பில்லும் யாருடைய பங்கில் விழுகிறது என்பதையும் சொல்ல வேண்டும். தொகையும் பங்கீடும் தேர்தலுக்குத் தேர்தல் மாறும் என்பதால், வர்த்தமானி வெளியான அன்றே அதை எடுத்துப் பாரும்.

ஒரே ஒரு பில்லை நெருங்கிப் பார்ப்போம். ஜம்பட்டா வீதியில் ஓர் அச்சகம். 5,000 துண்டுப்பிரசுரத்துக்குத் திங்கட்கிழமை முற்பணம் கொடுக்கிறீர்கள், வெள்ளிக்கிழமை மிச்சக் காசு. அச்சக உரிமையாளர் ஆதரவாளர் என்பதால் பாதி விலைதான் எடுக்கிறார். பிரசுரத்தில் வேட்பாளரின் படமும் இருக்கிறது, கட்சிச் சின்னமும் பெரிதாக இருக்கிறது. இந்த ஒரு காகிதத்துக்குள் நான்கு கேள்விகள் உண்டு. முற்பணம் எந்தக் கையிலிருந்து போனது? விட்டுக்கொடுத்த பாதி விலை நன்கொடைதானே, அதைச் சந்தை விலைப்படி யார் பெயரில் வரவு வைப்பது? செலவை வேட்பாளருக்கும் கட்சிக்கும் இடையில் எப்படிப் பிரிப்பது? திங்கட்கிழமை எழுதிய தொகையை வெள்ளிக்கிழமை யாராவது மாற்றினார்களா? சீஆர் கொப்பியிலும் இதற்கெல்லாம் பதில் எழுதலாம். மென்பொருளில் எழுதினால், அதே பதிவு நன்கொடையாளர் பட்டியலிலும் அச்சுச் செலவிலும் வேட்பாளரின் பங்கிலும் ஒரே நேரத்தில் விழும். வரம்பில் இன்னும் எவ்வளவு மிச்சம் என்பதும் அன்று மாலையே தெரியும். ஃபேஸ்புக் விளம்பரமும் இப்படித்தான். யாரோ ஒரு தம்பி தன் கடன் அட்டையில் டொலரில் கட்டியிருப்பார். அன்றைய நாணய மாற்று வீதத்தையும் அவர் பெயரையும் அன்றே எழுதாவிட்டால், அது பின்னால் கணக்கில் வரவே வராது. மெட்டாவின் விளம்பர நூலகத்திலோ அந்த விளம்பரம் எல்லோர் கண்ணுக்கும் தெரிந்துகொண்டிருக்கும்.

கணக்கில் கள்ளம் செய்ய நினைப்பவன் மென்பொருளிலும் செய்வானே என்று கேட்பீர். செய்வான். ஆனால் இலக்கமிட்டுத் தொடுத்த பதிவுகளில் கள்ளம் செய்வது கடினம். இதற்கு இந்தியாவின் தேர்தல் பத்திர விவகாரத்தைவிட நல்ல சான்று இல்லை. பெயர் வெளியாகாமல் கட்சிக்கு நன்கொடை கொடுப்பதற்காக வங்கியில் வாங்கும் பத்திரங்கள் அவை. 2024 பெப்ரவரி 15 அன்று உச்ச நீதிமன்றம் அந்தத் திட்டத்தை இரத்துச் செய்து, விவரங்களைக் கொடுக்கும்படி பாரத ஸ்டேட் வங்கிக்கு உத்தரவிட்டது. வாங்கியவர் விவரமும் பணமாக்கிய கட்சியின் விவரமும் தனித்தனி இடங்களில் இருப்பதாகவும், இரண்டையும் பொருத்துவதற்கு ஜூன் 30 வரை அவகாசம் வேண்டுமென்றும் வங்கி கேட்டது. நீதிமன்றம் மறுத்தது. முதலில் வெளியான இரண்டு பட்டியல்களையும் வைத்து யார் யாருக்குக் கொடுத்தார் என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை. மார்ச் 21இல் பத்திரங்களின் தனி இலக்கங்கள் வெளியானதும், பத்திரிகையாளர்கள் கொடுத்தவரையும் பெற்ற கட்சியையும் உடனே பொருத்திவிட்டார்கள். மாதக்கணக்கில் எடுக்கும் என்று சொல்லப்பட்ட வேலையை ஓர் இலக்கம் முடித்துக் கொடுத்தது. அதனால்தான் சொல்கிறேன், உம்முடைய ஒவ்வொரு பற்றுச்சீட்டுக்கும் தொடர் இலக்கம் கொடும், பிழையாகப் போன சீட்டைக் கிழித்துப் போடாமல் ‘இரத்து’ என்று எழுதி அதே இடத்தில் வையும். 2023 ஏப்ரல் முதல் இந்தியக் கம்பனிகள் கணக்கு மென்பொருளில் ஒவ்வொரு திருத்தத்துக்கும் தடயம் வைத்திருக்க வேண்டும், அந்தத் தடயத்தை முடக்கக் கூடாது என்று விதி வந்ததும் இதே எண்ணத்தில்தான்.

இதைவிடக் கடினமான கேள்வி ஒன்று உண்டு. தமிழ்நாட்டில் வேட்பாளர் தனி வங்கிக் கணக்குத் திறக்க வேண்டும். அன்றாடச் செலவுக்கு வெள்ளை, காசுக்கு இளஞ்சிவப்பு, வங்கிக்கு மஞ்சள் என்று நிறம் பிரித்த பதிவேடு எழுத வேண்டும். பிரசாரக் காலத்திலேயே அதைக் காட்டி ஒப்பம் வாங்க வேண்டும். அதிகாரிகள் தம் பங்குக்கு ஒரு நிழல் பதிவேடு வைத்து ஒப்பிடுவார்கள். இவ்வளவும் இருந்தும் 2017இல் ஆர்.கே. நகர் இடைத்தேர்தலும் 2019இல் வேலூர் மக்களவைத் தேர்தலும் பணப் பட்டுவாடாவால் நிறுத்தப்பட்டன. அப்படியானால் பதிவேட்டால் என்ன பயன்? மறைவாகக் கைமாறும் காசைப் பதிவேடு பிடிக்காது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். அந்த வேலை பறக்கும் படைக்கும் பொலிசுக்கும் உரியது. பதிவேடு செய்வது வேறு வேலை. மேடையும் ஒலிபெருக்கியும் வாகனமும் எல்லோர் கண்ணுக்கும் தெரிகின்றன. வேட்பாளர் சொன்ன தொகையையும் கண்ணால் பார்த்த அளவையும் பக்கத்தில் வைத்து ஒருவர் கேள்வி கேட்க முடிவது பதிவேட்டால்தான். அது இல்லாவிட்டால் கேள்வியே எழாது. நம் நாட்டில் பார்வையிடும் உரிமை பொதுமக்களுக்கு இருப்பதால், வெள்ளவத்தை வாக்காளர் ஒருவரே அந்தக் கேள்வியைக் கேட்கலாம்.

இனி, என் மனதை மிகவும் உறுத்தும் ஆட்சேபம். புறக்கோட்டை வியாபாரி ஒருவர், “காசு தருகிறேன், பெயரை மட்டும் எழுதாதீர்கள்” என்பார். அதைக் கோழைத்தனம் என்று நினைத்துவிடாதீர். கொழும்புத் தமிழருக்குப் பட்டியல் என்றாலே பயம் வருவதற்குக் காரணம் உண்டு. 1983 ஜூலை இனக்கலவரத்தில் வாக்காளர் இடாப்பைக் கையில் வைத்துக்கொண்டுதான் கும்பல்கள் தமிழர் வீடுகளை அடையாளம் கண்டன. 2007 ஜூன் 7 அன்று வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, புறக்கோட்டை விடுதிகளில் தங்கியிருந்த தமிழர் 376 பேர் பஸ்களில் ஏற்றி வெளியேற்றப்பட்டார்கள். உச்ச நீதிமன்றம் தலையிட்டுத்தான் அது நின்றது. இந்த நினைவு உள்ளவரிடம் பெயரும் தொகையும் கேட்கிறோம் என்பதை நீர் உணர்ந்திருக்க வேண்டும். ஆனாலும் பெயரில்லாக் காசைச் சட்டம் தடுக்கிறது, அது சரியென்றே நானும் நினைக்கிறேன். சிறுபான்மை வேட்பாளருக்குப் பின்னால் எந்தப் பணம் நிற்கிறது என்று தெரியாமல் இருந்தால், முதலில் ஏமாறுவது அதே சிறுபான்மை வாக்காளர்தான். ஆகவே பெயர் சொல்லத் தயங்குபவரை வற்புறுத்தாதீர், நன்றி சொல்லிக் காசைத் திருப்பிக் கொடும். காசு கொடுத்தவர்களிடம் சட்டம் கேட்பதற்கு மேல் ஒரு விவரமும் கேளாதீர். கோவிலும் ஊரும் சாதியும் உமக்கு எதற்கு? நன்கொடையாளர் கோப்பைத் திறக்கும் கடவுச்சொல் இரண்டு பேருக்கு மேல் தெரியக் கூடாது. வட்ஸ்அப் குழுவில் அந்தப் பட்டியலின் படம் ஒருநாளும் போகக் கூடாது. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் எதற்காக வந்தது என்று ஒருமுறை படித்துப் பாரும்.

வெளிநாட்டிலிருந்து வரும் காசையும் இதே கவனத்தோடு பாரும். டொரொன்டோவில் கடை வைத்திருக்கும் மாமா அன்பாகத்தான் அனுப்புவார். அனுப்பியது கடையின் கம்பனிக் கணக்கிலிருந்து என்றால், அது வெளிநாட்டுக் கம்பனியின் பணம். வங்கி அறிக்கையில் அனுப்பியவர் பெயரைப் பார்க்காமல் “மாமா – நன்கொடை” என்று எழுதினால், தடுக்கப்பட்ட பணம் உம் கையெழுத்தோடு கணக்கில் ஏறிவிடும். சந்தேகம் இருந்தால் செலவழிக்காமல் தனியே நிறுத்தி வையும், தெளிவானபின் முடிவெடுக்கலாம்.

சிறிய சுயேச்சைக் குழுவுக்கு இவ்வளவுக்கும் வசதி ஏது என்பார்கள். அமெரிக்காவில் கூட்டாட்சித் தேர்தல் ஆணையமே வேட்பாளர்களுக்கு அறிக்கை மென்பொருளை இலவசமாகக் கொடுக்கிறது. கணக்குக் கொடுக்காதவர்கள் மீது சட்ட நடவடிக்கை எடுக்கும் நம் ஆணைக்குழுவும் மூன்று மொழியிலும் அப்படி ஒன்றைச் செய்து கொடுக்க வேண்டும் என்று நாம் கேட்க வேண்டும். அதுவரை, நீர் கேட்ட பெயர்கள்: காசில்லாவிட்டால் க்னூகேஷ் போதும், அது இலவசம். அலுவலகத்தில் ஏற்கெனவே டாலி இருந்தால், திருத்தப் பதிவு உள்ள பதிப்பைப் பாவியும், ஆனால் வியாபாரக் கணக்கோடு கலக்காமல் புதிய கம்பனியாகத் திறவும். வேட்புமனு கொடுப்பதற்கு முந்தின நாள் வேட்பாளரோடு வங்கிக்குப் போய்த் தனிக் கணக்கு ஒன்றைத் திறந்துகொள்ளும். இங்கே அது கட்டாயமா என்று யோசித்துக்கொண்டிருக்க வேண்டாம். வேட்பாளர் தன் பணப்பையிலிருந்து பிரசாரத்துக்குக் கொடுக்கும் ஒவ்வொரு ரூபாயும் முதலில் அந்தக் கணக்குக்குள் வரட்டும், பிறகு வெளியே போகட்டும். சில்லறைக் காசுக்கு ஒரு சிறு தொகையை மட்டும் ஒரே ஒருவர் கையில் கொடும். இரவு எட்டு மணிக்கு மேல் யாருக்கும் முற்பணம் கிடையாது என்று காரியாலயச் சுவரில் எழுதி ஒட்டும். அதற்குப் பிறகுள்ள நேரம் அன்றைய பில்களைப் படமெடுத்துப் பதிவதற்கு.

அன்புடன்,
உம் நலம் நாடும் ஒருவர்
வெள்ளவத்தை