கல்யாண டிவிடியை செல்போனுக்கு மாற்றும் முன்...

திருவாதவூர், மேலூர் பக்கம் பல வீட்டு பீரோக்களில் கல்யாண, காதுகுத்து டிவிடிகள் சேலைகளுக்கு அடியில் கிடக்கின்றன. வைகாசியில் திருவாதவூர் சுவாமி திருமறைநாதர் மேலூருக்கு எழுந்தருளியதைப் படம்பிடித்த சிடிகளும் உண்டு. போட்டுப் பார்க்கும் பிளேயர்தான் இன்று இல்லை. இலவச மென்பொருளில் மாற்ற உட்காரும் முன் இவற்றைக் கவனியுங்கள்.

1. மாற்றத்தான் வேண்டுமா என்று முதலில் பாருங்கள். வீடியோ சிடியில் ‘டிஏடி’ என்று முடியும் கோப்பும், டிவிடியில் ‘விஓபி’ என்று முடியும் கோப்புகளும் இருக்கும். இலவசமான விஎல்சி பிளேயர் கணினி, செல்போன் இரண்டிலும் அவற்றை அப்படியே ஓட்டும்.

2. டிவிடியிலிருந்து நேராக மாற்றாதீர்கள். முழுவதையும் கணினியில் நகலெடுத்துவிட்டு, நகலில் வேலை பாருங்கள்.

3. கூகுளில் தேடினால் மேலே வரும் விளம்பரச் சுட்டிகளைத் தொடவே வேண்டாம். வீடியோவை மாற்றித் தரும் இலவச மென்பொருளான ஹேண்ட்பிரேக் வேண்டுமென்றால் ‘ஹேண்ட்பிரேக் டாட் எஃப்ஆர்’ தளத்தில் மட்டும் இறக்குங்கள். அங்கும் எச்சரிக்கை தேவை. 2017 மே மாதம் அதன் பதிவிறக்க சர்வர் ஒன்றில் புகுந்தவர்கள், மேக் கணினிக்கான பதிப்பில் பாஸ்வேர்டு திருடும் புரோட்டான் வைரஸைச் சேர்த்துவிட்டார்கள். நல்ல மென்பொருளுக்கே இந்தக் கதி. ஆகவே எந்த மென்பொருளையும் நிறுவும் முன் வைரஸ் சோதனை செய்யுங்கள். நிறுவும்போது ‘நெக்ஸ்ட்’டை மடமடவென்று அழுத்தாமல், கூடவே வரும் டூல்பார்களின் டிக்கை எடுத்துவிடுங்கள்.

4. ‘இங்கே பதிவேற்றுங்கள், மாற்றித் தருகிறோம்’ என்னும் இணையதளங்கள் வேண்டாம். இத்தகைய சில தளங்கள் வழியாக வைரஸ் பரவுவதாக அமெரிக்காவின் எஃப்பிஐ 2025 மார்ச்சில் எச்சரித்தது. வைரஸே இல்லாவிட்டாலும், நம் வீட்டுப் பெண்களும் பிள்ளைகளும் இருக்கும் படத்தை முகம் தெரியாதவர் சர்வரில் ஏன் வைக்க வேண்டும்?

5. ‘இலவசம்’ என்று போட்டவற்றில் பல, படத்தின் நடுவில் தம் பெயரை முத்திரையாகக் குத்தும். அல்லது சில நிமிடங்களோடு நிறுத்திக்கொண்டு பணம் கேட்கும். இரண்டு நிமிடத் துண்டை மாற்றிப் பார்த்தால் குட்டு வெளிப்பட்டுவிடும். ஹேண்ட்பிரேக்கில் முத்திரையும் இல்லை, கட்டணமும் இல்லை.

6. தரம் கூடும் என்று எதிர்பார்க்காதீர்கள். நம் ஊர் டிவிடியின் படம் 720க்கு 576 புள்ளிகள்தான். 1080 என்று தேர்ந்தெடுத்தால் கோப்புதான் பெரிதாகும். மாப்பிள்ளை தலையைத் திருப்பும்போது சீப்புப் பல் போலக் கோடுகள் தெரிந்தால், ‘டீஇன்டர்லேஸ்’ வசதியை இயக்குங்கள். அரசு கொடுத்த பழைய மடிக்கணினியில் மாற்றும் வேலை மணிக்கணக்கில் ஓடும், பாதியில் மூடிவிடாதீர்கள்.

7. பணம் கொடுத்து எடுக்கச் சொன்ன கல்யாண வீடியோவின் உரிமை, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், சட்டப்படி உங்களுடையது (1957 பதிப்புரிமைச் சட்டம், பிரிவு 17). பின்னணியில் சேர்த்த சினிமாப் பாட்டு அப்படியல்ல. யூடியூப்பில் ஏற்றினால் உரிமைக் கோரல் வரலாம். கடையில் வாங்கிய சினிமா டிவிடியில் நகலெடுப்பதைத் தடுக்கும் பூட்டை உடைத்து உரிமையை மீறினால், 2012 திருத்தத்தின்படி இரண்டு ஆண்டு வரை சிறை உண்டு.

8. ஸ்டூடியோ வைத்திருப்பவர்கள் உரிம விதியைப் படியுங்கள். பல இலவச மென்பொருள்கள் வீட்டு உபயோகத்துக்கு மட்டுமே.

9. மாற்றி முடித்ததும் டிவிடியைத் தூக்கி எறியாதீர்கள். மாற்றும்போது தரம் கொஞ்சம் குறையும். அசல் கோப்புகளைப் பென்டிரைவில் போட்டு, சொந்தக்காரர் வீட்டிலும் ஒரு பிரதி கொடுத்து வையுங்கள்.