மணவிலக்கும் வக்கீல் துணையும்

வக்கீல் என்னும் சொல் அரபு மொழியினின்றும் நமக்கு வந்தது. தம் பொருட்டுச் செயலாற்றுமாறு ஒருவர் பொறுப்பை ஒப்படைக்கும் ஆளையே அச்சொல் குறிக்கும். நிக்காஹ் அவையில் மணமகளின் சம்மதத்தைக் கேட்டு வந்துரைப்பவரும் வக்கீலே. நீதிமன்றத்தில் அவளுக்காக வாதிடுபவரும் வக்கீலே. முன்னவரைத் தேர்வதில் குடும்பத்தார் காட்டும் அக்கறையைப் பின்னவரைத் தேர்வதில் காண்டல் அரிது. மணமுறிவென்றாலே நாணி, நீட்டிய தாளில் கையொப்பமிட்டுத் திரும்பிவிடும் பெண்கள் நம் ஊர்களில் உண்டு. ஆதலின் இப்பொருளைச் சிறிது ஆராய்தல் தகும் எனக் கருதுகிறோம்.

முதற்கண் எழும் வினா, ஜமாஅத் தந்த தாள் போதாதா என்பது. திருக்குர்ஆனின் 4ஆம் அத்தியாயம் 35ஆம் வசனம், இரு குடும்பங்களினின்றும் நடுவர் ஒவ்வொருவரை அமர்த்தி இணக்கம் தேடப் பணிக்கிறது. அப்பணியில் ஜமாஅத்துக்கு நிகரில்லை. தக்க காரணமும் இத்தகைய சமரச முயற்சியும் முன்னின்றாலன்றித் தலாக் செல்லாது என 2002இல் ஷமீம் ஆரா வழக்கில் உச்ச நீதிமன்றமும் கூறிற்று. ஆயினும் சமரசம் வேறு, தீர்ப்பு வேறு. காஜி வழங்கும் தலாக் சான்று வெறும் கருத்துரையே எனச் சென்னை உயர் நீதிமன்றம் 2017இல் கூறியது. குலா வேண்டும் மனைவி குடும்ப நீதிமன்றத்தையே நாடவேண்டும், தனியார் அமைப்பின் சான்று செல்லாது என 2023இல் அதே நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கேரள உயர் நீதிமன்றமோ, நீதிமன்றத்துக்கு வெளியே நிகழும் குலாவை 2021இல் ஏற்றுக்கொண்டது. அண்டை மாநிலத்து உறவினர் சொல்லை நம்பித் தமிழ்நாட்டில் நடப்பவர் இடர்ப்படுவர்.

ஒரே மூச்சில் மும்முறை கூறும் தலாக் 2017இல் ஷாயரா பானு வழக்கில் வீழ்ந்தது. 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி அது செல்லாததோடு, மூன்றாண்டு வரை சிறைத்தண்டனைக்குரிய குற்றமும் ஆகும். கடிதத்தில் வரினும் கைப்பேசியில் வரினும் முடிவு ஒன்றே.

மனைவிக்குப் பெருந்துணையாவது 1939ஆம் ஆண்டு முஸ்லிம் மணமுறிவுச் சட்டம். கணவன் இருக்குமிடம் நான்காண்டு தெரியாதிருத்தல், ஈராண்டு பராமரிக்கத் தவறுதல், ஏழாண்டோ மேலோ சிறைத்தண்டனை பெறுதல், கொடுமை இழைத்தல் முதலியன அதில் காரணங்களாக உள்ளன. பிழைப்புக்காகக் கடல் கடந்து சென்று, கடிதமும் பணமும் அனுப்புவதை நிறுத்திவிட்ட கணவன்மாரின் மனைவியர்க்கு அந்த ஈராண்டு விதியே கைகொடுப்பது. கொடுமை என்பது அடி உதை மட்டுமன்று. அவளது சொத்தை விற்றுவிடுதலும், அவளுடைய சமயக் கடமைகளுக்கு இடையூறு செய்தலும் அச்சட்டத்தின்படி கொடுமையே. மணம் முறிவதால் மஹர் உரிமை அழியாது என்பதும் அதிலேயே உள்ளது. இதனை அறியாது மஹரைக் கைவிட்டோர் எத்தனை பேரோ!

ஜீவனாம்சம் இத்தாவோடு முடிந்துவிடும் என்பார் உளர். இத்தாக் காலத்துக்குள்ளேயே அவளது எதிர்காலத்துக்கும் நியாயமான ஏற்பாட்டைக் கணவன் செய்தல் வேண்டும் என 2001இல் டேனியல் லத்தீஃபி வழக்கு தெளிவாக்கிற்று. எல்லாச் சமயத்தார்க்கும் பொதுவான குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் வழியும் மணவிலக்குப் பெற்ற முஸ்லிம் பெண்ணுக்கு அடைபடவில்லை என்பது 2024ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றத் தீர்ப்பு. அம்மனுவை அவள் தான் வாழும் ஊரின் எல்லைக்குட்பட்ட நீதிமன்றத்திலேயே கொடுக்கலாம்.

இனி வக்கீலைத் தேடும் வழி. வருமானம் எவ்வளவாயினும் பெண்களுக்குச் சட்ட உதவி இலவசம் என்பது 1987ஆம் ஆண்டுச் சட்டம். மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் மனு கொடுத்தால் வக்கீலை அவர்களே அமர்த்துவர். தாமே அமர்த்துவோர், அவர் ஊரில் பெயர் பெற்றவரா என்று கேட்பதினும், குடும்ப நீதிமன்றத்தில் 1939ஆம் ஆண்டுச் சட்டப்படி வழக்கு நடத்தியவரா என்று கேட்டறிதல் நன்று. நிலவழக்கில் வல்லவர் இதிலும் வல்லவராயிருக்க வேண்டுமென்பதில்லை. கிடைக்கும் தொகையில் பங்கு கேட்பவரை அணுகவே வேண்டா. வழக்கின் முடிவைப் பொறுத்துக் கட்டணம் பேசுவதை வழக்கறிஞர் மன்ற விதிகள் தடுக்கின்றன. நிக்காஹ் பதிவேட்டின் நகல், மஹர் விவரம், நகைப் பட்டியல், பிள்ளைகளின் பிறப்புச் சான்று ஆகியவற்றை முதல் சந்திப்பிலேயே காட்டுக. மூலங்களைத் தம்மிடமே வைத்துக்கொண்டு நகல்களைக் கொடுக்க. நிரப்பப்படாத வக்காலத்து நாமாவில் கையொப்பமிடலாகாது. மனம் ஒவ்வாவிடில் வக்கீலை மாற்றலாம்; கட்டண பாக்கியைக் காட்டி அவர் வழக்குக் கட்டைத் தம்மிடம் நிறுத்தி வைக்க இயலாது என உச்ச நீதிமன்றம் 2000இல் கூறிவிட்டது.